பலன் எஜமானனுக்கு

மீமாம்சகர்களுக்கும் சைவ சித்தாந்திகளுக்கும் இடையே ஒரு பழைய வழக்கு உண்டு. ஒருவன் ஒரு காரியம் செய்கிறான். அதன் பலன் பிறகு எப்போதோ வருகிறது. நடுவில் அந்தக் காரியமே இல்லாமல் போய்விட்டது. யாகத்தில் ஊற்றிய நெய் எரிந்து, சாம்பல் ஆறி, பந்தலையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்படியிருக்க, பலனைக் கொண்டுவந்து சேர்ப்பது எது? மீமாம்சகர் சொல்வார்: செய்த செயல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றலை விட்டுச் செல்கிறது, அதன் பெயர் அபூர்வம், அதுவே பலனைத் தரும், நடுவில் ஈசுவரன் என்று ஒருவர் வேண்டியதில்லை. சித்தாந்தி இதை ஒப்பமாட்டார். வினை சடம். இன்னாருடைய வினை இன்னாருக்கு என்பது அதற்குத் தெரியாது. அறிவுள்ள ஒருவர் எடுத்துக் கொடுத்தாலொழிய அது உரியவனிடம் போய்ச் சேராது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரத்தில் இறைவனுடைய ஆணையைக் கொண்டுவந்து வைப்பது இந்த இடத்தில்தான்.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பஞ்சாயத்து யூனியன், பேரூராட்சி என்று ஊர் ஊராகப் போய் ரொக்கப் புத்தகமும் வவுச்சரும் பார்த்தே தலை நரைத்தது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடக்கும் சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். இந்தப் பாடம் நடந்த அன்று மற்றவர்கள் பழவினை, ஏறுவினை என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது தேர்தல் செலவுப் பதிவேடு. தணிக்கைக்காரியின் புத்தி வேறு எங்கே போகும்?

தேர்தல் வந்தால் எங்களைப் போன்றவர்களைக் கணக்குக் குழுவில் போடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிழல் பதிவேடு. அவர் தன் கணக்கில் எழுதுவது ஒன்று. வீடியோக் குழு எடுத்து வந்த காட்சியைப் பார்த்து நாங்கள் எழுதுவது இன்னொன்று. மேடை எத்தனை அடி, நாற்காலி எத்தனை, ஜெனரேட்டர் இருந்ததா, மேளம் எத்தனை செட், தலைவருக்குப் போர்த்திய சால்வைகள் எத்தனை என்று படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணுவோம். தேநீர், வடை, பிரியாணி உட்பட எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலை குறித்த பட்டியல் கையில் இருக்கும். வேட்பாளரின் ஆள் வந்து, “அது போன கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் மேடம், நாங்க சும்மா நின்னு பேசினோம்” என்பார். சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் என்பது 2022 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள உச்சவரம்பு. நான் பார்த்த எந்தக் கணக்கும் அதைத் தாண்டியதில்லை. தாண்டாது. வேட்பாளருக்குத்தான் வரம்பு, கட்சி தன் பெயரில் செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு வரம்பே கிடையாது.

முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்காதவரை ஆணையம் மூன்றாண்டுகள் தகுதி நீக்கம் செய்யலாம். இதைப் படிக்கும்போதெல்லாம் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்வேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரோடு அவருடைய சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லோரையும் சேர்த்தே அந்தச் சபை ஒதுக்கிவைத்தது. அது பிராமணச் சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமானது. எனக்கு அதில் இடமில்லை. ஆனாலும் அந்த ஒரு விதியை எழுதியவர் கையில் தணிக்கைத் துறையைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

பதிவேட்டை மூடிவிட்டு நள்ளிரவில் தேநீர் குடிக்கும்போது பறக்கும் படைக்காரர், வட்டாட்சியர், நாங்கள் எல்லோரும் பேசுவது ஒரே விஷயம்தான். “இவ்வளவு கொட்டுறாங்களே, கொட்டினவன் ஜெயிக்கிறானா?” பாதிப் பேர் ஜெயிக்கிறான் என்பார்கள். மீதிப் பேர் ஊரறிந்த உதாரணம் ஒன்றைச் சொல்லி மறுப்பார்கள். விடிந்துவிடும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இதில் முதல் சிக்கல். அதிகம் செலவழித்தவர் பெரும்பாலும் ஜெயிப்பதைப் பார்க்கிறோம். ஆனால் ஜெயிக்கப் போகிறவர் என்று பெயர் எடுத்தவரிடம்தானே பணமும் வந்து குவிகிறது? பழம் ஏற்கெனவே கனிந்து காம்பு விட்டிருந்த மரமாகப் பார்த்துத்தான் காக்கை உட்காருகிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் 1994இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பிரித்தெடுக்க ஒரு வழி கண்டார். அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபைக்கு 1972 முதல் 1990 வரை நடந்த தேர்தல்களில், அதே இரண்டு பேர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எதிரெதிரே நின்ற தொகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆளும் அதே, தொகுதியும் அதே. மாறியது முக்கியமாகப் பணம்தான். அப்படிப் பார்த்தபோது பணத்தால் வாக்கு விகிதத்தில் ஏற்பட்ட மாற்றம் மிக அற்பமாக இருந்தது. 2020இல் மைக்கேல் புளூம்பர்க் ஜனாதிபதி வேட்பாளராகும் ஆசையில் 100 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தை இறைத்தார். பல மாநிலங்கள் வாக்களித்த அந்தப் பெரிய செவ்வாய்க்கிழமையில் அவர் வென்ற ஒரே இடம் அமெரிக்கன் சமோவா என்ற குட்டித் தீவுப் பகுதி. மறுநாளே விலகினார்.

ஆனால் பணத்தை நம்புகிறவர்கள் இதற்கெல்லாம் அசருவதில்லை. அவர்களுடைய பதில் எனக்குப் புதிதாகவும் படவில்லை. கௌதமரின் நியாய சூத்திரத்தில் இதே வாதம் வருகிறது. பிள்ளை வேண்டிப் புத்திரகாமேஷ்டி செய்தும் பிள்ளை பிறக்கவில்லையே, அப்படியானால் வேதம் சொன்னது பொய்தானே என்று எதிராளி கேட்கிறான். இல்லை, செய்த முறையில் குறை இருக்கும், அல்லது செய்தவரிடம் குறை இருக்கும், அல்லது பொருளில் குறை இருக்கும் என்று விடை வருகிறது. தோற்ற வேட்பாளரின் வீட்டுத் திண்ணையில் நான் கேட்டதும் இதுதான். “கடைசி ரெண்டு நாள் பணம் இறங்கல.” “கொடுக்கச் சொன்ன ஆளே பாதியை அமுக்கிட்டான்.” “எதிராளி நம்மளைவிட ஒரு நோட்டு கூடக் கொடுத்தான்.” யாகம் பலிக்காது என்று யாரும் சொல்லவில்லை, நெய் போதவில்லை என்றார்கள். பலித்தால் யாகத்தால் பலித்தது, பலிக்காவிட்டால் புரோகிதரால் கெட்டது என்றால் அந்த நம்பிக்கையை எந்தத் தேர்தல் முடிவும் அசைக்க முடியாது.

பணம் பலிக்குமா என்ற இந்தக் கேள்வி தேர்தல் பத்திரங்கள் கதையில் இன்னும் பெரிய அளவில் வந்தது. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. இந்தியக் குடிமக்களும் இந்திய நிறுவனங்களும் பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி 15 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரமும் இருந்தது, ஒரு கோடி ரூபாய்ப் பத்திரமும் இருந்தது. விற்ற மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு கோடிப் பத்திரங்கள். ஆயிரம் ரூபாய்ப் பத்திரத்தை யாருக்காக அச்சடித்தார்கள் என்று நான் இன்னமும் யோசிக்கிறேன். 2024 ஜனவரி வரை 16,518 கோடி ரூபாய்க்கு விற்றது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு இது விரோதம் என்று திட்டத்தையே ரத்து செய்தது. ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கிக்கு அது கிடைக்கவில்லை. மார்ச்சில் பட்டியல் வெளியே வந்தது. நான் தணிக்கைக்காரி, பண்டிகை மலரைப் பிரிப்பதுபோல அதைப் பிரித்துப் படித்தேன்.

வெளியான கணக்கின்படி பாரதிய ஜனதாவுக்குச் சுமார் 6,060 கோடி, திரிணமூல் காங்கிரசுக்கு 1,600 கோடிக்கு மேல், காங்கிரசுக்கு 1,400 கோடிக்கு மேல், தெலங்கானாவின் பாரத ராஷ்டிர சமிதிக்கு 1,200 கோடிக்கு மேல், ஒடிசாவின் பிஜு ஜனதா தளத்துக்கு 775 கோடி. திமுக பெற்றது 656 கோடி. மார்க்சிஸ்ட் கட்சி பத்திரமே வாங்குவதில்லை என்று சொல்லி, திட்டத்தை எதிர்த்து வழக்கும் போட்டிருந்தது.

இனி முடிவுகளைப் பாருங்கள். பாரத ராஷ்டிர சமிதி 2023 இறுதியில் 119 இடங்களில் 39 பெற்று ஆட்சியை இழந்தது. ஆறு மாதம் கழித்து மக்களவைத் தேர்தலில் ஒரு இடம்கூட வரவில்லை. பிஜு ஜனதா தளத்தின் நவீன் பட்நாயக் 2000 முதல் விடாமல் ஆண்ட ஒடிசாவை 2024இல் பறிகொடுத்தார். மக்களவையில் அவர் கட்சிக்கும் பூஜ்யம். எல்லோரையும்விட அதிகம் பெற்ற பாரதிய ஜனதா 303இல் இருந்து 240க்கு இறங்கியது. மறுபக்கம், திமுக அணி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 40க்கு 40 வென்றது. திரிணமூல் 42இல் 29 எடுத்தது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பணம் வென்றது என்றும் வாதாடலாம், தோற்றது என்றும் வாதாடலாம். மீமாம்சகர் சொல்வதுபோலப் பணத்துக்குத் தானே பலன் தரும் ஆற்றல் இருந்திருந்தால் இப்படி இரண்டுக்கும் இடம் வந்திருக்காது.

சித்தாந்திதான் சரி என்று எனக்கு உறுதியானது பட்டியலால் அல்ல. எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் பெண்ணால்.

ஒரு தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “ஆபீசரம்மா, ரெண்டு பேருகிட்டயும் வாங்கிட்டேன். ஒருத்தன் சும்மா குடுத்துட்டுப் போயிட்டான். இன்னொருத்தன் தட்டுல சூடத்தை ஏத்திவெச்சு, புள்ளை மேல சத்தியம் பண்ணச் சொல்லித்தான் குடுத்தான். இப்ப யாருக்குப் போடறது?” வாங்குவதும் குற்றம்தான், கொடுப்பவனுக்கு உள்ள தண்டனை வாங்குபவளுக்கும் உண்டு என்று சொன்னேன். சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தேன். அவள் கை நார் கிழிப்பதை நிறுத்தவில்லை. “அது சட்டம். நான் கேக்கறது சாமி.”

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. வாக்கு தவறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று அவளுக்கு உண்மையாகவே பயம். தெருவில் எத்தனையோ பேர் அந்தப் பயத்தோடுதான் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கிறார்கள். இவர்களைப் பார்த்து ‘ஓட்டை விற்றவர்கள்’ என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்களுக்கு, ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் வாங்கியவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘நன்கொடையாளர்’ என்று நாக்கு மரியாதையாகத் திரும்பிவிடுகிறது. அவர் யார் முன்னாலும் சூடம் அணைத்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அந்தச் சூடம்தான் முக்கியமாகப் பட்டது. பணம் தன்னால் வேலை செய்யும் என்றால் சூடம் எதற்கு? கொடுக்கிறவனுக்கே தெரியும், நோட்டு கை மாறியதும் அதற்குக் கொடுத்தவன் யார் என்ற நினைவு கிடையாது என்று. அது மளிகைக் கடைக்குப் போகும், சீட்டுப் பணமாகும். பொத்தானை அமுக்கும் நேரத்தில் விரலுக்குப் பக்கத்தில் அது நிற்பதில்லை. ஆகவே அறிவுள்ள ஒருவரை, எல்லாம் பார்க்கிற ஒருவரை, நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறான். வினை சடம் என்று மெய்கண்டார் நிறுவியதை வட்டச் செயலாளர் ஒரு கட்டிச் சூடத்தால் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பணம் தன்னால் பலன் தருமா என்ற கேள்வி சென்னை ஆர்.கே. நகரிலும் எழுந்தது. 2017 ஏப்ரலில் நடக்க இருந்த இடைத்தேர்தல், வருமான வரிச் சோதனைக்குப் பிறகு பணப் பட்டுவாடா காரணமாக ரத்தானது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். ஆளும் அதிமுக தோற்றது. திமுக டெபாசிட் இழந்தது. இருபது ரூபாய் நோட்டு டோக்கன் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பக்கமும் கொடுத்தார்கள், இந்தப் பக்கமும் கொடுத்தார்கள் என்றும் அதே ஊர்தான் பேசியது. இரண்டு பக்கமும் கொடுத்திருந்தால், கொடுத்ததால் வென்றார் என்று ஒருவரை மட்டும் எப்படிச் சொல்வது?

பூக்காரப் பெண் தன் சிக்கலைத் தானே தீர்த்துக்கொண்டாள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து மாரியம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னாளாம். வாங்கிய பணத்தில் ஐம்பது ரூபாயை உண்டியலிலும் போட்டாள். எந்தப் பூ வந்தது என்று கேட்டேன். “ஓட்டு ரகசியம்னு நீங்கதானே சொல்வீங்க” என்றாள். பலனைக் கொடுக்கும் அறிவுள்ள கர்த்தா யார் என்று அன்று எனக்குத் தெரிந்தது. தேர்தலில் அது வாக்காளர். அவர் கொடுப்பார், கொடுக்காமலும் இருப்பார், அம்மனிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பார்.

இதோடு முடிந்தது, பெரும்பணம் தேர்தலில் பலிப்பதில்லை, நிம்மதியாகத் தூங்கலாம் என்று எழுதியிருப்பேன். வகுப்பில் மீமாம்சைப் பகுதியை மறுபடி படித்தபோதுதான் நடுவில் ஒன்று இடித்தது. யாகத்தில் மந்திரம் சொல்வதும் நெய் விடுவதும் ரித்விக்குகள். அவர்கள் தட்சிணைக்கு அமர்த்தப்பட்டவர்கள். பலனோ அவர்களுக்கு இல்லை. யாருடைய யாகமோ அந்த எஜமானனுக்கு. இதை மீமாம்சகர்கள் அப்பழுக்கில்லாமல் விவாதித்து முடிவு கட்டியிருக்கிறார்கள். இதை வைத்துப் பார்த்தால் நள்ளிரவுத் தேநீரில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் ரித்விக்குக்கு என்ன கிடைத்தது என்ற விசாரணைதான். வேட்பாளர் வென்றாரா, கட்சி வென்றதா? எஜமானன் எங்கோ தள்ளி உட்கார்ந்திருக்கிறான். அவன் சங்கற்பத்தில் வேண்டிக்கொண்டது இந்தக் கட்சியின் வெற்றியை என்று யார் சொன்னது?

பட்டியலை மறுபடி எடுத்தேன். எல்லோரையும்விட அதிகப் பத்திரம் வாங்கியது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங், 1,368 கோடி. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அந்த நிறுவனத்தின் பணம் திரிணமூலுக்கும் திமுகவுக்கும் தலா 500 கோடிக்கு மேல், ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு நூற்றைம்பது கோடியை ஒட்டி, பாரதிய ஜனதாவுக்கு 100 கோடி என்று பிரிந்திருந்தது. ஒன்றையொன்று கடுமையாகத் திட்டிக்கொள்ளும் கட்சிகளும் இவற்றில் உண்டு. ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறவர் அவரை எதிர்ப்பவருக்கும் பணம் கொடுப்பாரா? ஆளுக்கு ஆள் கட்சி வேறு, கொள்கை வேறு. அந்தக் காலத்தில் எப்போதாவது ஓர் ஆட்சி அந்தக் கட்சிகளின் கையில் இருந்தது என்பதுதான் பொது. பட்டியலில் உள்ள பல பெரிய நிறுவனங்களின் பணம் இப்படித்தான் பல திசையில் போயிருந்தது. அமலாக்கத் துறை, வருமான வரித் துறை சோதனைகளுக்கு உள்ளான நிறுவனங்களும் இருந்தன, அரசு ஒப்பந்தங்கள் பெற்றவையும் இருந்தன. இந்தப் பணத்துக்கு இந்தக் காரியம் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை தீர்ப்புச் சொல்லவில்லை. சிறப்புப் புலனாய்வு வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை. ஆகவே நானும் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. இவர்கள் வேண்டிய பலனைத் தர வல்லவர் வாக்காளர் அல்ல. தேர்தல் முடிவை வைத்து இவர்கள் பணம் வீணா இல்லையா என்று அளப்பது, மழைக்குச் செய்த யாகத்தைப் பிள்ளை பிறந்ததா என்று பார்த்துச் சோதிப்பது போன்றது.

தோற்ற கட்சிக்குக் கொடுத்ததும் வீண் அல்ல என்பது இப்போது விளங்கும். மாடு வேண்டிச் செய்யும் சித்ரா யாகத்தைப் பற்றி மீமாம்சையில் ஒரு விவாதம் உண்டு. யாகம் முடிந்ததும் மாடு வந்து நிற்கவில்லையே என்று ஆட்சேபம். உடனே வரும் என்று யார் சொன்னார்கள், பிறகு வரும் என்பது பதில். இங்கே பலன் ஆட்சி இருந்தபோதே வந்திருக்கலாம். அடுத்த சுற்றில் வரலாம். ஒரு கோப்பு நகர்வதாக வரலாம், ஒரு கோப்பு நகராமல் இருப்பதாகவும் வரலாம். இரண்டாவது வகைப் பலனுக்கு வவுச்சர் கிடையாது. என் சர்வீசில் நான் தோற்ற இடமெல்லாம் அதுதான்.

பத்திரத்தின் மீது ஓர் எண் இருந்தது; சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, புற ஊதா ஒளியில் காட்டினால் தெரியும் என்று 2018இலேயே ஒரு பத்திரிகையாளர் சோதித்து எழுதினார். கொடுத்தவரையும் பெற்றவரையும் இணைத்தது கடைசியில் அந்த எண்தான். அபூர்வத்துக்கு வரிசை எண் போட்டுப் பார்த்த முதல் தேசம் நாமாகத்தான் இருப்போம்.

இதையெல்லாம் எங்கள் ஆசிரியரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அம்மா, ஒரு இடத்துல சறுக்குறீங்க” என்றார். “வினைப்பலனை இறைவன் கூட்டுவிக்கிறான்னு நாம சொல்றதுக்குக் காரணம், அவனுக்கு ஒண்ணும் வேண்டியதில்லைங்கறதுதான். வேண்டுதல் வேண்டாமை இல்லாதவன் கொடுத்தாத்தான் அவனவன் வினைக்கு அளவாக் கொடுப்பான். நீங்க சொல்ற ஆளுகிறவருக்கு அடுத்த தேர்தலுக்குப் பணம் வேணும். வாங்கிக்கிட்டுக் கொடுக்கிறவரைக் கர்த்தா ஸ்தானத்துல வெக்காதீங்க. அவர் வியாபாரத்துல இன்னொரு பங்காளி.”

“அப்போ இதைக் கொடைன்னும் சொல்லக்கூடாதுங்களே, ஐயா?” என்றேன். அவர் புறநானூற்றுக்குப் போய்விட்டார். ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்ததில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வணிகன் அல்ல அவன் என்று சொல்கிறார். அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று கொடுப்பதையே அந்தப் புலவர் குறைவாக மதித்திருக்கிறார். அடுத்த டெண்டரில் கிடைக்கும் என்று கொடுப்பவருக்கு அவர் அகராதியில் இடமே இருந்திருக்காது. வகுப்பில் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. பூக்காரப் பெண் உண்டியலில் போட்ட ஐம்பது ரூபாய் எந்த வகை என்று திருப்பிக் கேட்டார். அது பயத்தில் போட்டது, ஆகவே அதுவும் வியாபாரம்தான் என்றார் ஒருவர். பிராயச்சித்தம் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டும் பொருந்தவில்லை. அவள் எதையும் வாங்குவதற்காகப் போடவில்லை. தன் கையில் ஒட்டிக்கொண்ட ஒன்றை அம்மன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு வாக்களிக்கப் போனாள். அந்த ஐம்பது ரூபாய்க்குப் பிறகு அவள் போட்ட வாக்கு, யாருக்குப் போட்டிருந்தாலும், அவளுடையது. பெரும்பணம் கொடுத்தவர் எவரும் இப்படி ஒரு பங்கை விட்டுக் கையைக் கழுவிக்கொண்டதாக எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை.

ஆசிரியர் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது என் கணக்கை எளிதாக்கவில்லை, கடினமாக்கியது. வாக்காளர் ஆளுகிறவரைத் தேர்ந்தெடுக்கிறார். ஆளுகிறவர் கொடுத்தவருக்குப் பலன் தருகிறார் என்றால், வாக்காளர் தன் கையால் செய்யும் மிகச் சுதந்திரமான காரியமே வேறொருவர் யாகத்தில் ஓர் அங்கமாக முடிகிறது. பணம் வாங்கியவர் மட்டுமல்ல, ஒரு காசும் வாங்காமல், சின்னத்தைப் பார்த்தோ சாதியைப் பார்த்தோ கொள்கையைப் பார்த்தோ போட்டவரும் இதில் அடக்கம். வாக்கு விலைபோகவில்லை, இருந்தும் வாக்கின் பலனில் ஒரு பங்கு வேறிடம் போயிற்று. பணம் வாக்காளரை மாற்றுகிறதா என்று அளக்கும் ஆய்வுகளில் இது அகப்படாது. மாறாத வாக்காளரின் மேலேயே இது நடந்து முடிந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. வேட்பாளரின் செலவுக் கணக்கை யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம் என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது. அதில் செலவு இருக்கும், வேட்பாளர் பெற்ற தொகை இருக்கும். கட்சிக்கு வந்த கோடிகள் இருக்காது. ஒப்பந்தப்புள்ளிக் கோப்பு வேறு அறையில், வேறு தணிக்கையாளரிடம், வேறு வருடத்தில். என் சர்வீசில் இரண்டு வகைக் கோப்பும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் இருந்த பெயர் மற்றொன்றில் இருக்காது, ஆகவே ஒப்பிட ஒன்றுமில்லை. 2024 மார்ச்சில் வந்த பட்டியல் 2019 ஏப்ரல் முதல் உள்ள காலத்துக்கு மட்டும் அந்த விடுபட்ட பெயர்களைத் தருகிறது. அதற்கு முந்திய ஓராண்டுப் பத்திரங்கள் யாருடையவை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது பணம் காசோலையாகவும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகவும் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஆணையத்துக்குக் கணக்கு வருகிறது, தேர்தல் முடிந்து பல மாதம் கழித்து.

எனக்குப் பொழுது இருக்கிறது. பட்டியலை மகன் அச்செடுத்துக் கொடுத்தான். இணையத்தில் கிடைக்கும் ஒப்பந்த அறிவிப்புகளை நிறுவனம் வாரியாக எழுதி, தேதியை எதிரே எழுதி வருகிறேன். ‘வ’ எழுத்தில் தொடங்கும் நிறுவனங்களில் இருந்து ஆரம்பித்தேன்; அந்தப் பக்கம் சிறியது.